இரட்டைத் திருகு வைஸ்

விஷ்ராந்த்வாடி, பூனா
17 ஜூன் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்சி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மில்ட்ரெட் மதினியின் இருமல் நின்றதா என்று எழுதவும்.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கைத்தொழில் டீச்சர் கலியாணமாகி நாக்பூருக்குப் போய்விட்டார்கள். கணக்கு டீச்சருக்கு அளவெடுக்கத் தெரியும் என்று சொல்லி அந்த வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அலமாரியைத் திறந்தால் உள்ளே ரம்பமும் உளியும் கை படாமல் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்குமுன் நான் கற்றுக்கொள்ள வேண்டுமே என்று ஒரு பலகையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதோடு பைத்தியம் பிடித்துவிட்டது. ஆணியில்லாமல் இரண்டு பலகைகளைப் பல்லுக்குப் பல் கோத்துச் சேர்க்கிற புறாவால் மூட்டு என்று ஒன்று உண்டே, அதை அறுக்கப் பழகுகிறேன். பலகையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அறுப்பதால் ரம்பம் அதன் இஷ்டத்துக்குப் போகிறது.

பலகையை அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸ் எனக்கு வேண்டும். பட்டறை வைக்க மாடி அறையில் இடமில்லை. கீழ்வீட்டு விசாலாக்ஷி மாமியின் சாப்பாட்டு மேசை ஞாயிறு மதியத்தில் சும்மாதான் இருக்கிறது. அதன்மேல் வைத்து இறுக்கிவிட்டு, வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற மாதிரி ஒன்றை நானே செய்யப் போகிறேன். இரண்டு கனமான பலகைகள். பின்பலகை மேசையோடு நிற்கும், முன்பலகை நகரும், இரண்டு முனையிலும் இரண்டு திருகுகள். அறுக்கவேண்டிய பலகை நடுவே நெஞ்சு உயரத்தில் செங்குத்தாக நிற்கும், குனிய வேண்டாம். படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். திருகுகளை நீங்கள் கடைந்து தர வேண்டும். ரயில்வே பட்டறையில் இருபது வருஷம் டர்னராக இருக்கிற அண்ணன் வைத்திருந்தும் கடையில் வாங்கினால் என்ன பேர்?

திரு. இன்பநாதனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். இங்கே மழை நன்றாகப் பிடித்துவிட்டது.

இப்படிக்கு
உங்கள் தங்கை எல்சி


பொன்மலை, திருச்சி
1 ஜூலை 1979

அன்புத் தங்கை எல்சிக்கு,

அண்ணன் ஆர்தர் ஆசீர்வதித்து எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மதினிக்கு இருமல் நின்று இப்போது என்மேல் கோபம் வந்திருக்கிறது.

வாசித்தேன் என்றால் அது ஒரு பதிலா? மறுபடியும் எழுதுகிறேன். இன்பநாதன் ரயில்வே கணக்கு ஆபீசில் அதிகாரி, நம் சபைக்குப் பொருளாளர். மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது, பிள்ளை குட்டி கிடையாது. குடி, புகை ஒன்றும் இல்லை. உனக்கு வயது முப்பத்தாறு. அப்பா இருந்தால் செய்யவேண்டியதை நான் செய்கிறேன். அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உன் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு பென்சிலை எடுத்துத் திருத்தினேன். மெல்லிய தேவதாரு போட்டால் இறுக்கும்போது நடுவில் வளைந்துவிடும். இரண்டங்குலத் தடிமனில் சீசம் பலகை வாங்கு. முன்பலகையில் துளைகளை வட்டமாகப் போடாதே, பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டிவிடு, அப்போதுதான் சரிவான பலகையையும் பிடிக்கும். உள்முகத்தில் தோல் ஒட்டு. திருகை நீ கேட்டதைவிட நீளமாகவே கடைந்திருக்கிறேன், அகலமான பொருளும் ஒருநாள் வரும். நண்பரின் சொந்தப் பட்டறையில், என் சொந்தக் கம்பியில் கடைந்தது. ரயில்வேக்கு இதில் சம்பந்தமில்லை.

ஒன்றை மட்டும் பார்சலில் அனுப்புகிறேன். உன் பதில் வந்தபிறகு மற்றது வரும்.

அன்புடன்
அண்ணன் ஆர்தர்


விஷ்ராந்த்வாடி
29 ஜூலை 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

ஒற்றைத் திருகு வந்து சேர்ந்தது. என்ன அழகாகக் கடைந்திருக்கிறீர்கள்! கைப்பிடியைப் பிடித்தால் விட மனம் வரவில்லை. மற்றதற்காக நான் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. போஹ்ரி ஆளியில் இரும்புக் கடைகளை ஏறி இறங்கி ஏறக்குறைய அதே கனத்தில் ஒரு திருகு பிடித்துவிட்டேன். சீசம் பலகையும் கிடைத்தது. தோலுக்கு, பட்டாள முகாம் பக்கத்துச் செருப்புக்காரரிடம் கேட்டேன். எதற்கென்று சொன்னதும் நல்ல துண்டாகத் தேடிக் கொடுத்தார்.

ஒரு சிறிய சங்கடம். உங்கள் திருகு பழைய அங்குல மரை, பூனா திருகு மில்லிமீட்டர் மரை. இரண்டையும் ஒரே மாதிரி திருப்பினால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு, முன்பலகை கோணலாக வருகிறது. பரவாயில்லை. ஒன்றைக் கூடவும் மற்றதைக் குறைவாகவும் திருப்பப் பழகிக்கொண்டேன். நடுவில் நிற்கிற பலகைக்கு அது தெரியாது.

முதல் ஞாயிறு மாமி பக்கத்திலேயே நின்றாள். "ஏண்டி எல்சி, டேபிள்ல ஓட்டை கீட்டை போட்டுடாதே. மாமா ஆபீஸ்லேர்ந்து கடன் போட்டு வாங்கினது. அஞ்சு மணிக்கு நேக்கு டேபிள் காலியா வேணும், சம்ஜா?" என்றாள். ஐந்து மணிக்கு மேசை காலி. மாமி மேலே தடவிப் பார்த்துவிட்டு எனக்கும் காபி கொடுத்தாள்.

மதினியின் கோபம் எதற்கு என்று எழுதவில்லையே?

உங்கள் அன்புத் தங்கை
எல்சி


பொன்மலை
6 ஆகஸ்டு 1979

எல்சி,

சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. ஒரு வைஸில் இரண்டு மரையா? ஒரு காலில் பூட்சும் மறு காலில் செருப்பும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவாயா? இதை யாராவது பார்த்து, உங்கள் அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் என்ன சொல்லுவாய்? இரண்டாவது திருகை இன்றைக்கே பார்சலில் போட்டுவிட்டேன். பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அந்தப் பூனா திருகைக் கழற்றித் தூரப் போடு.

மதினியின் கோபத்தைக் கேட்டிருந்தாய். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அவ வேண்டாம்னு சொல்லத்தான் பலகையப் பத்தி எழுதிட்டுக் கெடக்கா, இதுகூடவா ஒங்களுக்கு வெளங்கல?" என்கிறாள். வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுத என் தங்கைக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

நீ சொல்லு.

ஆர்தர்


விஷ்ராந்த்வாடி
23 செப்டம்பர் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் சுகம், வைஸும் சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். பரீட்சைத் தாள் திருத்துகிற காலம்.

இரண்டு திருகும் பொருந்திவிட்டன. இரண்டு கையாலும் இரண்டு கைப்பிடியையும் ஒருசேரத் திருப்பினால் முன்பலகை நேராக வந்து பிடிக்கிறது. இந்தச் சுகத்தை யாரிடம் சொல்ல? உங்களிடம்தான் சொல்ல முடியும். பலகை அசையாமல் நின்றதும் ரம்பம் தானாகவே கோட்டோடு போயிற்று. போன ஞாயிறு முதல் மூட்டு சரியாக விழுந்தது. மரச்சுத்தியால் லேசாகத் தட்டினேன். பல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய், இடையில் காகிதம் நுழைய இடமில்லை. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மாமி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "என்னாச்சு, கையை வெட்டிண்டுட்டியா?" என்றாள்.

நவம்பரில் இங்கே நம் தமிழ் சபையில் அறுப்பின் பண்டிகை. சபை நிதிக்காக நடக்கும் ஏலத்துக்குச் சிலர் பூசணிக்காய் கொடுப்பார்கள், சிலர் கேக் கொடுப்பார்கள். நான் இந்த வருஷம் தேக்கில் ஒரு பெட்டி செய்து கொடுக்கப் போகிறேன். மேலே தள்ளுமூடி. நாலு மூலையும் புறாவால் மூட்டு.

திரு. இன்பநாதன் நல்லவர் என்று எழுதியிருந்தீர்கள். நல்லவராகத்தான் இருப்பார்.

மதினிக்கு என் அன்பைச் சொல்லவும்.

உங்கள்
எல்சி


பொன்மலை
25 அக்டோபர் 1979

அன்புத் தங்கைக்கு,

அவசரமாக இந்தக் கார்டு. இன்பநாதன் ஆபீஸ் வேலையாக நவம்பர் நடுவில் பூனா வருகிறார். பண்டிகை ஞாயிறன்று உங்கள் சபைக்கு ஆராதனைக்கு வருவார். அவருக்கு உன்னைத் தெரியும், போட்டோ கொடுத்திருக்கிறேன். மரியாதையாகப் பேசு. தலையில் மரத்தூளோடு போய் நிற்காதே.

ஆர்தர்


விஷ்ராந்த்வாடி
20 நவம்பர் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சரீர சுகத்துக்குக் குறைவில்லை. இங்கே நல்ல குளிர்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சனிக்கிழமை பெட்டியின் ஒரு மூலை விட்டுக்கொடுத்தது. மறுபடி பசை தடவி, பெட்டியை அப்படியே வைஸில் வைத்து இறுக்கினேன். நீங்கள் திருகை நீளமாகக் கடைந்தது அதற்கு உதவியது. இந்தக் குளிரில் பசை காய ஒருநாளாவது வேண்டும். பண்டிகையோ மறுநாள் காலை. வேறு வழியில்லாமல் வைஸோடு பெட்டியை ஒரு துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஏலத்துக்கு முன், ஏலம் கூறுகிற ஜானிடம் விஷயத்தைச் சொல்லி, பெட்டியைக் கடைசியில் கூறச்சொல்லலாம் என்று நினைப்பு. பொருள்களைப் பீடத்துக்கு முன் வைத்தார்கள், ஆயர் ஜெபம் செய்தார், நான் பாட்டுக்குழுவோடு போய் நின்றேன்.

கடைசிப் பாட்டு முடிந்து வருவதற்குள் ஜான் அதைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். அவருக்குச் சாயர்புரம் பக்கம், தொண்டையைக் கேட்க வேண்டுமா? "எல்சி டீச்சர் கையால செஞ்ச பெட்டிவே! ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச பெட்டி! என்னா கனங்குறீங்க, திருடன் வந்தாலும் தூக்க முடியாது!" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். மெட்ராஸ்காரர் ஒருவர் ஏற்றினார். பின்வரிசைக்காரர் மறுபடி ஏற்றினார். கடைசி விலையை நான் எழுதப் போவதில்லை, எழுதினால் நம்பமாட்டீர்கள். பின்வரிசைக்காரர் திரு. இன்பநாதன்.

ஏலம் பெட்டிக்கு மட்டும்தான், வைஸுக்கு இல்லை என்று அங்கே எப்படிச் சொல்ல? பீடத்தில் வைத்து ஜெபித்த பொருளில் பாதியைக் கொடுத்தவளே திரும்பக் கேட்கிறாள் என்றால் சபை என்ன நினைக்கும்? பாட்டுப் புத்தகங்களை அடுக்கப் போய்விட்டேன்.

பிறகு அவர் வந்து பேசினார். மரியாதையான மனிதர். சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இல்லை. "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. ஹால்ல வைக்கணும்னு இருக்கேன்" என்றார். நான் நன்றி சொன்னேன். அன்று மாலையே பெட்டியும் வைஸும் அவரோடு ரயிலில் போய்விட்டன.

மாமி இப்போது ஞாயிறு மதியம் மேசையில் அப்பளம் இடுகிறாள்.

உங்கள்
எல்சி


பொன்மலை
2 டிசம்பர் 1979

அன்புத் தங்கை எல்சிக்கு,

எங்கள் எல்லாருக்கும் பரம சந்தோஷம். அத்தனை பொருள் இருக்க அவர் உன் பெட்டியை எடுத்தார் என்றால் இது கர்த்தரின் நடத்துதல் இல்லாமல் என்ன? போன ஞாயிறு கோயிலில் இன்பநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உன் அடக்கத்தைப் பற்றி மெச்சிப் பேசினார்.

ஆயரிடமும் சொல்லிவிட்டேன். ஜனவரி 13ஆம் தேதி ஞாயிறு, கலியாணத்தைச் சபைக்கு அறிவிக்கிற முதல் ஓலையை வாசிக்கலாம் என்கிறார். பிறகு அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு. பிப்ரவரியில் கலியாணம். சபை நடுவே ஓலை வாசித்துவிட்டால் பின்வாங்க முடியாது, அது உனக்கே தெரியும். உன் சம்மதத்தைக் கைப்பட எழுதி அனுப்பு. வேலையை ராஜினாமா செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்றும் விசாரித்துக்கொள்.

வைஸ் போனதற்கு வருத்தப்படாதே. இங்கே வந்தால் அதுவும் உன் வீட்டில்தானே இருக்கும்.

அன்புடன்
ஆர்தர்


விஷ்ராந்த்வாடி
12 டிசம்பர் 1979

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். சுகமாக இருக்கிறேன்.

பலகையை மறுபடி முழங்காலில் இடுக்கிக்கொண்டுதான் அறுக்கிறேன். கோணல்தான்.

ஒன்று கேட்க வேண்டும். திரு. இன்பநாதன் பெட்டியைத் திறந்தாரா? பசை எப்போதோ காய்ந்திருக்கும். வைஸ் இரண்டு பக்கமும் அழுத்துவதால் தள்ளுமூடி அசையாது. இரண்டு திருகையும் இரண்டு சுற்று தளர்த்தினால் போதும். நீங்கள் போகிறபோது பாருங்கள்.

எல்சி


பொன்மலை
28 டிசம்பர் 1979

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம். கிறிஸ்துமஸ் நன்றாகக் கழிந்தது.

பண்டிகைக்கு மறுநாள் மதினியும் நானும் இன்பநாதன் வீட்டுக்குக் கேக் கொண்டு போனோம். ஹாலில் ரேடியோவுக்குப் பக்கத்தில், பூத்தையல் போட்ட துணி விரித்து, அதன்மேல் உன் பெட்டி இருக்கிறது. வைஸோடு. நீ இறுக்கியது இறுக்கியபடி. தினமும் தூசி தட்டுகிறார் போலிருக்கிறது, என் திருகுகள் பளபளவென்று இருக்கின்றன. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

"திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"இது திறக்குமா என்ன? மூடி அசையவே இல்ல. இருக்கட்டும் சார், அதுவும் ஒரு அழகு" என்றார்.

"கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கலையா?"

"எதுக்கு? நல்லா இருக்கறத ஏன் கெடுக்கணும்?"

அது பெட்டியைச் சேர்ந்ததல்ல, ஒரு கருவி, உன் கையால் செய்தது, நீ ஞாயிறுதோறும் வேலை செய்தது என்று விளக்கினேன். அவர் ஆச்சரியப்பட்டார். உண்மையாகவே இரக்கப்பட்டுச் சொன்னார்: "பாவம், தனியா இருக்கவங்க, பொழுது போகணும்ல. இங்க வந்தா அந்தக் கஷ்டம் இல்ல. சமையலுக்கு ஆள் இருக்கு, துணிக்கு ஆள் இருக்கு. அவங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

நான் எழுந்து போய் இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தளர்த்தினேன். மூடி வழுக்கிக்கொண்டு வந்தது. எல்சி, அந்த மூலைகளை நான் அப்போதுதான் பார்த்தேன். உன் கடிதத்தில் வாசித்தது வேறு, விரலால் தடவியது வேறு. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிறவர்களில் இப்படி ஒரு மூட்டைப் போடுகிறவன் ஒருவனைக் காட்ட முடியாது. இன்பநாதனும் எட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லியே" என்றார். மறுபடி பழையபடியே இறுக்கி வைத்துவிடச் சொன்னார். இறுக்கினேன்.

அவர் நல்ல மனிதர். உன்னைக் கண் கலங்கவிடமாட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திரும்பி நடக்கும்போது, "சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்று அவர் சொன்னதுதான் என் காதில் நின்றது.

நீ ஆறு மாதமாகப் பலகையைப் பற்றியே எழுதுகிறாய். இந்த ஒரு தடவை பலகையை விடு. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. பதின்மூன்றாம் தேதிக்கு முன் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆர்தர்


விஷ்ராந்த்வாடி
3 ஜனவரி 1980

அன்புள்ள அண்ணா,

எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்.

அவரிடம் குற்றம் ஒன்றுமில்லை. வேறு யாரையும் மனதில் வைத்துக்கொண்டும் சொல்லவில்லை. நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். பள்ளிக்கூடம், என் அறை, மாமியின் சத்தம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாக இருக்கிறாளே என்று யாராவது இரக்கப்பட்டால், எதற்கென்று எனக்கு விளங்குவதில்லை. நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியதும் பயந்துவிட்டேன். நம் வீட்டில் நீங்கள் சொன்ன சொல்லை யாரும் மாற்றியதில்லை. சபைக்கு முன்னால் உங்களுக்குத் தலைகுனிவு வருமே என்றுதான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

இதை அவரிடம் காட்ட வேண்டுமானால் காட்டுங்கள். நான் எழுதியதுதான்.

எல்சி


பொன்மலை
14 ஜனவரி 1980

அன்புத் தங்கை எல்சிக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. எனக்கும் மதினிக்கும் சுகக்கேடு ஒன்றுமில்லை.

நேற்று ஓலை வாசிக்கவில்லை. வியாழக்கிழமையே இன்பநாதனைக் கோயில் வாசலில் பார்த்து, இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "ஒங்க தங்கச்சி மாட்டேன்னுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, என் தங்கை என் பேச்சைத் தட்டுகிறவள் அல்ல, எனக்குத்தான் மனமில்லை என்றேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. வாக்கு மாறினவன் என்று நாலு பேருக்கு நடுவே சொன்னார். கேட்டுக்கொண்டேன். அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. நேற்று ஆராதனையில் காணிக்கைத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. இனி கொஞ்ச காலம் அப்படித்தான் இருக்கும். முழங்கால் வலியோடு இதுவும் ஒன்று.

ஆகையால் ஊரில் யார் கேட்டாலும், அண்ணன் முடியாது என்றுவிட்டார் என்று சொல். உன்மேல் ஒரு பேச்சு வரக்கூடாது.

உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. மதினிக்கு மட்டும் வாசித்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன்" என்ற இடத்தில் கை நின்றது. அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

உன் அண்ணன்
ஆர்தர்